கரண்ட் வைத்தால் போதுமா?

இயன்முறை மருத்துவரிடம் வந்து உட்காருகிறவர்களில் பாதிப் பேர் முதலில் கேட்பது, "எனக்குக் கரண்ட் வைப்பீங்களா?" என்றுதான். வலி எங்கே, எப்போது தொடங்கியது, எதைச் செய்தால் கூடுகிறது என்பதெல்லாம் அப்புறம். தெரிந்தவர் யாருக்காவது கரண்ட் வைத்துக் குணமாகியிருக்கும். "கரண்ட் வைக்கவே இல்ல, வெறும் எக்சர்சைஸ்தான் சொல்லிக்கொடுத்தாங்க" என்று குறைபட்டுக்கொண்டு போனவர்களும் உண்டு.

நானும் ஓர் இயன்முறை மருத்துவர், தினமும் கரண்ட் வைக்கும் பெட்டியோடு புழங்குகிறவன். மின்தூண்டல் சிகிச்சை மீது எனக்கு நிறைய மரியாதை இருக்கிறது. அதனால்தான் அதை எந்த வலிக்கும் எடுத்துத் தடவும் தைலம் போல நடத்துவதைப் பார்த்தால் மனம் பொறுக்கவில்லை. துடிப்பின் அளவையும் ஒட்டும் இடத்தையும் மாற்றினால் மின்சாரம் வலியைத் தணிக்கும், தசையைச் சுருக்கும், நின்றுபோகிற இதயத்தைத் துடிக்க வைக்கும், கேளாத காதுக்குள் ஒலியைக் கொண்டுபோகும். எந்த நரம்புக்கு, எதற்காக, எவ்வளவு என்று தெரியாமல் மின்சாரம் கடத்தும் பட்டையைத் தோலில் ஒட்டிப் பதினைந்து நிமிடம் படுக்க வைத்தால் கிடைப்பது கொஞ்சம் குறுகுறுப்பு மட்டும்தான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பெரும்பாலான இடங்களில் மின்சாரம் நேரடியாக எதையும் குணப்படுத்துவதில்லை. அது நரம்பைக் கிளப்பிவிடுகிறது, அவ்வளவுதான். ஓய்வில் இருக்கும் நரம்பிழையின் உட்புறத்துக்கும் வெளிப்புறத்துக்கும் இடையே சுமார் 70 மில்லி வோல்ட் வேறுபாடு இருக்கும். தோலில் ஒட்டிய எதிர்மின் முனைக்கு அடியில் அந்த வேறுபாடு குறைகிறது. ஓர் எல்லையைத் தாண்டியதும் நரம்புச் சவ்வில் உள்ள சோடியம் வாயில்கள் திறந்து, சைகை ஓடத் தொடங்கிவிடும். அந்தச் சைகை மூளையிலிருந்து வந்ததா, மேசை மேல் இருக்கும் பெட்டியிலிருந்து வந்ததா என்று தசைக்குத் தெரியாது.

எவ்வளவு வலுவான மின்சாரம் என்பதோடு, ஒவ்வொரு துடிப்பும் எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதும் முக்கியம். லூயி லபிக் என்ற பிரெஞ்சு உடலியலாளர் 1909இல் இந்தக் கணக்கைத் தெளிவாக்கினார். குறுகிய துடிப்பாக வைத்துக்கொண்டு அளவை மெல்ல ஏற்றினால் முதலில் உணர்வு நரம்புகள் விழிக்கும், குறுகுறுவென்று இருக்கும். இன்னும் ஏற்றினால் இயக்க நரம்புகள் விழித்துத் தசை துள்ளும். அதற்கும் மேலே போனால் வலி. இந்த மூன்று படிகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியில்தான் எங்கள் தொழில் நடக்கிறது.

மனிதன் இதை ரொம்பக் காலமாகத் தடவித் தடவிப் பார்த்திருக்கிறான். கி.பி. முதல் நூற்றாண்டில் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் என்ற ரோமானிய மருத்துவர், தலைவலிக்கும் கால் வாதவலிக்கும் மின்சாரம் பாய்ச்சும் திருக்கை மீனை உயிரோடு வைக்கச் சொல்லியிருக்கிறார். 1791இல் இத்தாலிய அறிவியலாளர் கால்வானி, மின்சாரம் பட்டுத் தவளைக்கால் துடிப்பதைப் பற்றி எழுதினார். ஆனால் என்னைப் போன்றவர்களுக்கு முன்னோடி என்றால் அது 19ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு மருத்துவர் டுஷென்தான். ஈர முனைகளைத் தோல் மேல் வைத்து ஒரு தசையை மட்டும் தனியாகச் சுருக்க முடியும் என்று காட்டினார் அவர். முகத் தசைகளை ஒவ்வொன்றாகத் தூண்டிப் படம் எடுத்து 1862இல் வெளியிட்டார். ஒவ்வொரு தசைக்கும் தோல் மேல் ஓர் இடம் உண்டு. அங்கே வைத்தால் குறைந்த மின்சாரத்திலேயே தசை பதில் சொல்லும். இன்றைக்கும் நாங்கள் பேனா போன்ற முனையை வைத்துத் தேடுவது அந்தப் புள்ளிகளைத்தான்.

வலிக்கு வருவோம். இடித்துக்கொண்ட முழங்கையைக் கை தானாகப் போய்த் தேய்க்கிறது, வலி குறைகிறது. ஏன் குறைகிறது என்பதற்கு ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1965இல் ஒரு விளக்கம் கொடுத்தார்கள். தொடுதலைக் கொண்டுபோகும் தடித்த இழைகளும் வலியைக் கொண்டுபோகும் மெல்லிய இழைகளும் தண்டுவடத்தில் ஒரே வாசலுக்கு வருகின்றன. தடித்த இழைகள் பரபரப்பாக இருந்தால் வாசல் வலிக்கு ஓரளவு மூடிக்கொள்கிறது. இரண்டு வருடம் கழித்து, 1967இல், அதே பேட்ரிக் வாலும் வில்லியம் ஸ்வீட் என்ற நரம்பு அறுவை மருத்துவரும் இதை மின்சாரத்தால் செய்து காட்டினார்கள். நோயாளிகளுக்குச் செய்வதற்கு முன்னால் தங்கள் முகத்திலேயே, கண்ணுக்குக் கீழே ஓடும் நரம்பில் ஊசி முனையைச் செருகிச் சோதித்துக்கொண்டார்கள். தோல் வழியாக நரம்பைத் தூண்டி வலியைத் தணிக்கும், டென்ஸ் (TENS) என்று இன்று எல்லோரும் சொல்லும் சிகிச்சைக்கு அடித்தளம் அங்கேதான் விழுந்தது.

வழக்கமான டென்ஸில் விநாடிக்கு 80 முதல் 120 துடிப்பு, ஒவ்வொன்றும் 50 முதல் 200 மைக்ரோ செகண்ட். தசை துள்ளக் கூடாது; ஆனால் குறுகுறுப்பு நன்றாக, வலுவாக, தாங்கும்படி இருக்க வேண்டும். இன்னொரு வகை விநாடிக்கு 2 முதல் 4 துடிப்பு. அதில் தசை வெளிப்படையாகத் துள்ளும், உடலின் சொந்த வலிநிவாரணிகள் சுரக்கும். மார்ஃபின் வகை மருந்தைத் தொடர்ந்து எடுப்பவர்களுக்கு இந்த இரண்டாவது வகை அவ்வளவாகப் பலிக்காது; இரண்டும் ஒரே பூட்டைத்தான் திறக்கப் பார்க்கின்றன.

இது வேலை செய்கிறதா? ஆராய்ச்சியாளர்களே இதில் ஒத்துப்போகவில்லை. இங்கிலாந்தில் சிகிச்சைகளுக்கு வழிகாட்டுதல் வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பு 2016இல் இடுப்புவலிக்கு டென்ஸ் கொடுக்க வேண்டாம் என்று வழிகாட்டியது. 2022இல் 381 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு பெரிய மதிப்பீடு, சிகிச்சை நடக்கும்போதும் முடிந்த உடனேயும் போலி டென்ஸைவிட உண்மையான டென்ஸில் வலி குறைகிறது என்றது. இரண்டையும் படித்துவிட்டு எனக்குத் தோன்றுவது இது: டென்ஸ் நோயை மாற்றுவதில்லை, ஒரு சில மணி நேரத்துக்கு வலியின் சத்தத்தைக் குறைக்கிறது. பழைய ஆய்வுகள் பலவற்றில் மின்சாரம் உணர்ந்தும் உணராத அளவில்தான் கொடுக்கப்பட்டது. வலியை அளந்ததோ பெட்டியைக் கழற்றி வைத்து வெகுநேரம் கழித்து, அதுவும் சும்மா உட்கார்ந்திருக்கும்போது. உடல் முழுக்க வலி நீடிக்கும் ஃபைப்ரோமயால்ஜியா உள்ள பெண்களிடம் நடத்தி 2020இல் வெளியான ஓர் ஆய்வு, அசையும்போது வரும் வலியை அளந்தது. நான்கு வாரத்தில் உண்மையான டென்ஸ் வைத்தவர்களுக்கு அந்த வலி தெளிவாகக் குறைந்திருந்தது.

அதனால் டென்ஸை வைத்துக்கொண்டு படுத்திருக்கச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. இடுப்பில் பட்டையை ஒட்டி, பெட்டியை உடையில் மாட்டிக்கொண்டு நடக்கச் சொல்கிறேன். குனியப் பயப்படுகிறவரை அதை வைத்துக்கொண்டே குனியச் சொல்கிறேன். வலி குறைந்திருக்கும் அந்த நேரம்தான் அசைவதற்கான நேரம். அதைத் தூங்கிக் கழித்தால் பெட்டியை அணைத்ததும் பழைய இடத்துக்கே வந்து நிற்போம். நான் இந்தக் கட்டுரை எழுத உட்கார்ந்ததே பெரும்பாலும் இந்த ஒன்றைச் சொல்லத்தான்.

தசையைச் சுருக்கும் வேலை வேறு. மூட்டு அறுவை சிகிச்சை முடிந்த கொஞ்ச நாளில் ஒருவர் கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறார் என்று வையுங்கள். முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, அதை அழுத்துங்கள் என்கிறேன். அவர் பல்லைக் கடிக்கிறார், தோள் இறுகுகிறது, மூச்சைப் பிடிக்கிறார். தொடை மட்டும் கொழகொழவென்று அப்படியே கிடக்கிறது. அவரிடம் குறையில்லை. மூட்டுக்குள் இருக்கும் வீக்கமும் காயமும் அனுப்பும் சைகைகள் தண்டுவடத்திலேயே தொடைத் தசைக்குத் தடை போட்டுவிடுகின்றன. மூளை சொல்வது தசைக்கு முழுசாகப் போய்ச் சேருவதில்லை.

அப்போது இரண்டு பெரிய பட்டைகள். ஒன்று தொடையின் மேல் வெளிப்பக்கம், இன்னொன்று முழங்காலுக்கு மேலே உட்பக்கம், கண்ணீர்த்துளி வடிவத்தில் தசை புடைக்கும் அந்த இடத்தில். அளவை மெல்லத் திருப்புகிறேன். முதலில் எறும்பு ஊர்கிற உணர்வு என்பார். அப்புறம் தோலுக்கடியில் ஒரு நடுக்கம். இன்னும் கொஞ்சம் ஏற்றும்போது தசை திடீரென்று திரண்டு எழும்பும். முழங்கால் சில்லு கண்ணெதிரே தொடையை நோக்கி நகரும். "யாரோ உள்ளேருந்து இழுக்கிற மாதிரி இருக்கு சார்!" என்பார்கள். அந்த நொடியில் நான் சொல்வது ஒன்றுதான்: "இப்ப நீங்களும் சேர்ந்து இழுங்க."

பத்து விநாடி சுருக்கம், ஐம்பது விநாடி ஓய்வு, இப்படிப் பத்து முறை. ஓய்வு ஏன் அவ்வளவு நீளம் என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். மூளை தசையை இயக்கும்போது சோர்வடையாத சிறிய பிரிவுகளை முதலில் கூப்பிடும், முறை வைத்து மாற்றிக்கொள்ளும். மின்சாரத்துக்கு அந்த நாசூக்கு கிடையாது. பட்டைக்கு அருகில் இருக்கும் இழைகளை எல்லாம் ஒரே நேரத்தில், அதே இழைகளையே மறுபடி மறுபடி சுருக்கும். அதனால் சீக்கிரம் களைத்துவிடும். இதமாக இருக்கிற அளவில் வைத்தாலும் பயனில்லை. தசை வலுப்பட வேண்டுமென்றால் நிஜமாகவே அழுத்தமான சுருக்கம் வேண்டும்; அது கொஞ்சம் அசௌகரியமாகத்தான் இருக்கும். இதை முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது.

இது எல்லாமே தசைக்கும் தண்டுவடத்துக்கும் நடுவிலுள்ள நரம்பு அறுபடாமல் இருந்தால்தான். நரம்பே அறுந்துபோனால் சாதாரண டென்ஸ் பெட்டியின் குறுந்துடிப்புக்குத் தசை அசையவே அசையாது. நரம்பிழந்த தசைக்குப் பல மில்லி செகண்ட் நீளமான துடிப்பு வேண்டும், அதற்கேற்ற கருவி வேண்டும், நரம்பு மீண்டும் வளர்கிற வாய்ப்பு எவ்வளவு என்ற கணக்கும் வேண்டும்.

முகவாதம் பற்றி இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். காலையில் எழுந்து கண்ணாடியில் பார்க்கும்போது வாய் ஒருபக்கம் கோணியிருந்தால் யாருக்கும் ஈரக்குலை நடுங்கும். உடனே கரண்ட் வைக்க ஓடி வருகிறார்கள். முதலில் அது பக்கவாதம் இல்லை என்று மருத்துவர் உறுதிசெய்ய வேண்டும். முகநரம்பு வீங்குவதால் வரும் பெல்ஸ் பால்ஸிதான் என்றால், அதில் பலன் நிரூபிக்கப்பட்டது முதல் 72 மணி நேரத்துக்குள் தொடங்கும் ஸ்டீராய்டு மாத்திரைதான். கண் மூடாததால் கருவிழி காய்ந்துவிடாமல் பார்த்துக்கொள்வது அடுத்தது. சுமார் பத்தில் ஏழு பேர் எந்தச் சிகிச்சையும் இல்லாமலே முழுக்கச் சரியாகிறார்கள்; அதனால்தான் கரண்ட் முகவாதத்தைக் குணமாக்கும் என்ற பெயர் அதற்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. கரண்டுக்காக அலைந்து அந்த மூன்று நாளை யாரும் இழந்துவிடக் கூடாது என்பது என் கவலை.

எனக்கு மிகப் பிடித்த பயன்பாடு பாதத் தொய்வுக்கானது. பக்கவாதத்துக்குப் பிறகு பலருக்கு நடக்கும்போது பாதத்தின் முன்பகுதி மேலே தூக்காது. கட்டைவிரல் தரையில் இடிபடும், தடுக்கி விழுவார்கள். 1961இல் லிபர்சன் என்பவரும் உடன் வேலை செய்தவர்களும் செருப்பின் குதிகாலில் ஒரு விசையைப் பொருத்தினார்கள். குதிகால் தரையை விட்டு எழும்பியதும் விசை திறந்து, முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் ஓடும் நரம்புக்கு மின்சாரம் போகும், பாதம் எழும்பும். குதிகால் மறுபடி தரையைத் தொட்டதும் நின்றுவிடும். இன்றைய கருவிகளில் சில காலின் சாய்வை உணர்ந்தே இதைச் செய்கின்றன, அடிப்படை அதேதான்.

பட்டையை ஒட்டும் இடம் முழங்காலுக்கு வெளிப்பக்கத்தில் விரலுக்குத் தட்டுப்படும் எலும்பு முண்டுக்குச் சற்றுக் கீழே, பின்னால். அரை விரல் அகலம் நகர்த்தினால் போதும், நேராக எழும்ப வேண்டிய பாதம் வெளிப்பக்கம் திரும்பிக்கொள்ளும். சரியான இடம் கிடைக்கும்வரை ஒட்டி எடுத்து, ஒட்டி எடுத்துப் பார்ப்பேன். கிடைத்ததும் தோலில் பேனாவால் வட்டம் போட்டு, வீட்டில் ஒட்டிவிடப் போகிற மகளையோ மருமகனையோ கூப்பிட்டுக் காட்டுவேன். முதல் முறை அந்தக் கருவியோடு வராந்தா முழுக்க நடந்துவிட்டு ஓர் அம்மா, "தரையைப் பார்க்காம நடக்கிறேன் தம்பி" என்றார். மாதக்கணக்கில் ஒவ்வோர் அடியையும் கண்ணால் பார்த்துப் பார்த்து வைத்தவர் அவர். ஆனால் இடுப்பு வட்டு பிதுங்கியோ, முழங்காலருகே நசுங்கியோ அந்த நரம்பே கெட்டுப்போனதால் வந்த பாதத் தொய்வுக்கு இந்தக் கருவி பெரும்பாலும் உதவாது. வாங்குவதற்கு முன் ஒருமுறை தூண்டிப் பார்த்தாலே இது தெரிந்துவிடும்.

உடலுக்குள் வைக்கும் கருவிகள் என் வேலை எல்லைக்கு அப்பால் இருப்பவை. ஆனாலும் அர்னே லார்ஸன் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஸ்வீடன்காரர், 43 வயது, இதயத்தின் மின்பாதை அடைபட்டு ஒரே நாளில் பலமுறை மயங்கி விழுந்துகொண்டிருந்தார். அவருடைய மனைவி எல்ஸ்-மரீ அறுவை மருத்துவர் சென்னிங்கையும் பொறியாளர் எல்ம்க்விஸ்டையும் விடாமல் நச்சரித்ததால், 1958 அக்டோபர் 8ஆம் தேதி உலகின் முதல் உடலுள் பேஸ்மேக்கர் அவருக்குப் பொருத்தப்பட்டது. ஷூ பாலிஷ் டப்பாவை அச்சாக வைத்துப் பிசினில் வார்த்த கருவி அது. சில மணி நேரத்தில் செயலிழந்தது. மாற்றினார்கள், பிறகும் மாற்றினார்கள். மொத்தம் இருபதுக்கும் மேற்பட்ட பேஸ்மேக்கர்களோடு 2001 வரை, 86 வயது வரை வாழ்ந்தார் லார்ஸன். கருவியைச் செய்தவரும் பொருத்தியவரும் அவருக்கு முன்பே காலமாகிவிட்டார்கள்.

பிரான்ஸின் கிரனோபிளில் 1987இல் நரம்பு அறுவை மருத்துவர் பெனபிட் செய்ததும் அப்படித்தான் சிலிர்க்க வைக்கும். நடுக்கத்துக்காக மூளையின் ஒரு புள்ளியைச் சுட்டு அழிக்கும் அறுவை சிகிச்சை அது, நோயாளி விழித்திருப்பார். சரியான இடமா என்று பார்க்க மின்சாரம் கொடுத்துச் சோதிப்பது வழக்கம். விநாடிக்கு நூறு துடிப்பை எட்டியபோது நடுக்கம் நின்றது. மின்சாரத்தை நிறுத்தியதும் திரும்பி வந்தது. அப்படியென்றால் எதற்கு அழிக்க வேண்டும்? மின்முனையை அங்கேயே விட்டுவிடலாமே! பார்க்கின்சன் நோய்க்கான ஆழ்மூளைத் தூண்டல் அங்கே பிறந்தது. செவிச்சுருளுக்குள் மின்முனை வைத்து ஒலி கேட்க வைக்கும் காக்ளியர் இம்ப்ளான்ட் இன்று உலகில் பத்து லட்சத்துக்கும் மேல் பொருத்தப்பட்டிருக்கிறது.

மூளைக்கு மின்சாரம் கொடுத்து வலிப்பை வரவழைக்கும் மனநலச் சிகிச்சையான 'ஷாக் ட்ரீட்மென்ட்' என்றால் முகம் வெளிறிப்போகிறவர்களுக்காக இரண்டு வரி. 1938இல் ரோமில் செர்லெட்டி, பினி என்ற மருத்துவர்கள் இதைத் தொடங்கியபோது மயக்க மருந்து கிடையாது. அந்தப் பயம் நியாயமானதுதான். இன்று முழு மயக்கமும் தசைத் தளர்வு மருந்தும் கொடுத்துத்தான் செய்கிறார்கள். சாப்பிடவும் பேசவும் மறுத்துச் சாவின் விளிம்பில் இருக்கும் கடும் மனச்சோர்வில் இதற்கு நிகராக வேகமாக வேலை செய்யும் சிகிச்சைகள் மிகக் குறைவு. சிகிச்சையைச் சுற்றிய நாட்களின் நினைவுகள் சிலருக்குத் திரும்பாமல் போகலாம். அதையும் முன்கூட்டியே குடும்பத்திடம் சொல்ல வேண்டும்.

வெட்கத்தால் யாரும் கேட்காத ஒன்றும் இருக்கிறது. அடக்க முடியாமல் அவசரமாகச் சிறுநீர் வருகிற தொல்லை. கழிவறை எங்கே இருக்கிறதென்று விசாரித்த பிறகுதான் வெளியே கிளம்புகிறவர்கள், தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டவர்கள் எத்தனை பேர்! கணுக்காலின் உட்பக்கம் ஓடும் நரம்பின் வேர்கள் சிலவும் சிறுநீர்ப்பைக்குப் போகும் நரம்புகளும் தண்டுவடத்தின் அடிப்பகுதியில் ஒரே இடத்திலிருந்து கிளம்புகின்றன. அதனால் கணுக்காலுக்கு மேலே மெல்லிய ஊசி முனை வைத்து வாரம் ஒருமுறை அரை மணி நேரம், பன்னிரண்டு வாரம் தூண்டினால் கணிசமானவர்களுக்குச் சிறுநீர்ப்பை அடங்குகிறது. மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் மருத்துவரிடம் கூச்சப்படாமல் இதைக் கேளுங்கள்.

வீட்டுக்கே பெட்டி வாங்குகிறவர்களுக்குச் சில விஷயங்கள். பேஸ்மேக்கரோ, ஆபத்தான இதயத்துடிப்பை மின்னதிர்ச்சியால் சரிசெய்யும் ஐசிடி (ICD) கருவியோ உடலுக்குள் இருந்தால் இதய மருத்துவர் சொல்லாமல் தொடவே கூடாது. கழுத்தின் முன்பக்கம், கண் மேல், புண் மேல், புற்றுநோய்க் கட்டி இருக்கும் இடத்தில், ரத்தம் உறைந்த காலில், கர்ப்பிணியின் வயிற்றில் ஒட்டக் கூடாது. வலிப்பு உள்ளவர்கள் தலையிலோ கழுத்திலோ வைக்கக் கூடாது. நீரிழிவால் கால் மரத்தவர்கள் தனியாகச் செய்ய வேண்டாம். குறுகுறுப்பு தெரியவில்லையே என்று அளவை ஏற்றிக்கொண்டே போவார்கள், தோல் பொத்துப்போகும். பட்டை காய்ந்து ஓரம் தூக்கிக்கொண்டால் அதைத் தூக்கிப் போடுங்கள். மொத்த மின்சாரமும் ஒட்டியிருக்கிற சின்ன இடத்தில் குவிந்து சுடும்.

அளவு நன்றாக உணரும்படி இருக்கட்டும். சில நிமிடத்தில் உணர்வு மங்கினால் ஒரு படி ஏற்றலாம். தினமும் ஒரே அமைப்பில் வைத்தால் உடல் பழகிவிடும். துடிப்பின் வேகத்தை மாற்றி மாற்றி வையுங்கள். அது ஓடும்போது எழுந்து வேலையைப் பாருங்கள். வண்டி மட்டும் ஓட்ட வேண்டாம்.

எப்போது நிறுத்துவது என்பதற்கு நான் பார்க்கும் அடையாளம் இது: முழங்கால் அறுவை சிகிச்சை ஆனவர் மல்லாந்து படுத்து, காலை மடங்கவிடாமல் நேராக வைத்தபடி தானே தூக்கிப் பிடித்து மெதுவாக இறக்கிவிட்டால், அன்றோடு தொடையிலிருந்து பட்டைகளைக் கழற்றிவிடுவேன். "இன்னும் ரெண்டு நாள் வைங்களேன்" என்று கேட்டாலும், மாடிப்படியைக் காட்டி ஏறச் சொல்வேன்.